பெயரை நீக்கினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?

நகரத் திட்டமிடலுக்கு மக்கள் கருத்துக் கேட்கும் செயலிகளைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டுத்தான் இருப்பிடத் தரவைச் சேமிப்பார்கள், அதனால் நீங்கள் யாரென்று யாராலும் சொல்ல முடியாது." இது தவறு.

15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தரவை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் எந்த நேரம் எங்கே இருந்தார் என்பதற்கு வெறும் 4 புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. யோசித்துப் பாருங்கள், தினமும் இரவு 2 மணிக்குப் புள்ளி நிற்கும் இடம் உங்கள் வீடு, பகல் 11 மணிக்கு நிற்கும் இடம் வேலை செய்யும் இடம், இந்த இரண்டும் சேர்ந்தால் அப்புறம் பெயர் எதற்கு?

அதற்காகச் செயலியே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை, இருட்டான தெருவையும் உடைந்த நடைபாதையையும் அங்கே நடப்பவர்கள் சொன்னால்தான் திட்டம் போடுபவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு வரைபடத்தில் விரலால் ஒரு புள்ளி வைத்தால் போதும், நாள் முழுக்க உங்களைப் பின்தொடர வேண்டிய அவசியமே இல்லை. ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் துல்லிய இருப்பிடத்தை மறைத்து, தோராயமானதை மட்டும் கொடுக்கலாம். "எப்போதும் அனுமதி" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.