வெறும் குதிரைப் படக்காரர்

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓவிய அறிஞர் போட்ட நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேச வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். அவருக்கு இன்னும் நாலு வியூஸ் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. பெயரும் சொல்லப் போவதில்லை. சொன்னால் "ஓவியர்களுக்குள் சண்டை" என்று அதற்கும் ஒரு நேரலை போடுவார்கள்.

விஷயம் இவ்வளவுதான். யாரோ ஒரு பையன், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் பற்றிக் கேள்வி கேட்டான். நம் அறிஞர் ஒரு சிரிப்பு சிரித்தார். "ஸ்டப்ஸா? அவர் வெறும் குதிரைப் படக்காரர் தம்பி. பணக்காரன் வீட்டுக் குதிரைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தவர்" என்றார். அதோடு விட்டாரா? ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் ஓவியத்தைத் திரையில் போட்டு, "பின்னணி வரையறதுக்குள்ள காசு தீர்ந்துடுச்சு போல" என்றும் ஒரு ஜோக். கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்த கதை. கமெண்ட் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பையன் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சிரிப்புதான் இறங்கவில்லை.

ஸ்டப்ஸ் உலகின் தலைசிறந்த ஓவியர் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அவர் பார்த்தார். தன் முன்னால் நின்ற உயிரை, அது நாலு காலில் நின்றாலும் சரி, இரண்டு காலில் நின்றாலும் சரி, ஒழுங்காகப் பார்த்தார். அந்த வேலையை அவர் அளவுக்குச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. அதை "வெறும்" என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். முதலில் ஒரு குதிரையையாவது பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்த்திருக்க வேண்டும்.

1724இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதப்படுத்தும் தொழில். அதாவது மிருகத்தின் தோலும் வாடையும் பிறந்த வீட்டிலேயே பழக்கம். இளைஞனாக ஓர் ஓவியரிடம் சேர்ந்தார். அங்கே கொடுத்த வேலை, ஒரு பிரபுவின் மாளிகையில் தொங்கிய பழைய ஓவியங்களைப் பார்த்து நகலெடுப்பது. சீக்கிரமே கழன்றுகொண்டார். பிறகு யார்க் நகரத்தில் உடற்கூறியல் படித்து, சொல்லியும் கொடுத்தார். ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் 1751இல் வெளியிட்ட பிரசவ மருத்துவ நூலுக்குப் படங்கள் போட்டது இவர்தான். அச்சடிப்பதற்காகச் செப்புத் தகட்டில் படம் செதுக்க அதுவரை அவருக்குத் தெரியாது. அந்த நூலுக்காகவே கற்றுக்கொண்டார். கருப்பைக்குள் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று வரைந்த கைதான் பின்னால் குதிரையிடம் வந்தது. பாஸ்போர்ட் போட்டோவாம்.

அடுத்து வருகிற கட்டத்தை ஞாயிற்றுக்கிழமை அறிஞர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. 1756 வாக்கில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். கூட மேரி ஸ்பென்சர், அவருடைய வாழ்க்கைத் துணை. ஏறக்குறைய ஒன்றரை வருடம் இரண்டு பேரும் அங்கே செய்தது குதிரைகளை அறுத்துப் பார்ப்பது. இரத்தத்தை வடித்துவிட்டு, உருவம் கெடாமலிருக்க நாளங்களில் உருக்கிய கொழுப்பைச் செலுத்தி, கூரையிலிருந்து இரும்புச் சட்டமும் கொக்கிகளும் மாட்டி, நிற்கிற நிலையிலேயே தொங்கவிட்டு, குளம்புக்கு அடியில் பலகை வைத்து, தோலில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும் அடுக்கு அடுக்காக உரித்து, ஒவ்வொரு அடுக்கையும் வரைந்தார். ஒரு குதிரை பதினோரு வாரம் வரை தாக்குப்பிடித்ததாம். நாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அந்தம்மாவையும் நினைத்துப் பாருங்கள். கலை வரலாறு எழுதுகிறவர்கள் மேரி ஸ்பென்சருக்கு அரை வரிதான் ஒதுக்குவார்கள், நானும் அதையேதான் செய்கிறேன்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு லண்டன் போனால், தகட்டில் செதுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தார். பகலில் வயிற்றுப்பாட்டுக்கு ஓவியம், விடிகாலையிலும் ராத்திரியிலும் தகடு. 1766இல் குதிரையின் உடற்கூறு நூல் வெளிவந்தது. பதினெட்டுத் தகடுகள். பேத்ரஸ் காம்பர் என்ற டச்சு உடற்கூறியல் அறிஞர் படித்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். காசு தீர்ந்துபோனவர் செய்கிற வேலையா இது?

அந்தப் பின்னணிக்கு வருகிறேன். விசில்ஜாக்கெட் ஒரு பந்தயக் குதிரை. ராக்கிங்ஹாம் பிரபுவுக்குச் சொந்தமானது. ஸ்டப்ஸ் 1762 வாக்கில் அதை ஆள் உயரத்தையும் தாண்டி, கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரக் கித்தானில் வரைந்தார். முன்னங்கால்கள் மேலே, கண் நம் பக்கம். பின்னால் மரமில்லை, வானமில்லை, சேணமில்லை, மேலே ஒரு பிரபுவும் இல்லை. வெறும் மங்கிய பழுப்பு. இதில் அரசரை உட்கார வைப்பதாக இருந்தது, அது நடக்கவில்லை, அதனால் பாதியில் நின்றது என்று ஒரு பழைய கதை உண்டு. நம்மவர் அதைத்தான் எங்கோ கேட்டுவிட்டு ஜோக் ஆக்கியிருக்கிறார். அதே பிரபுவுக்காக, அதே காலத்தில், தாய்க்குதிரைகளும் குட்டிகளுமாக இன்னொரு ஓவியம் வரைந்தார். அதிலும் பின்னணி கிடையாது. மூன்று ஆண்குதிரைகளும் சைமன் காப் என்ற குதிரைக்காரரும் நிற்கும் ஓவியம் ஒன்று. அதிலும் கிடையாது. மூன்று தடவையும் காசு தீர்ந்துவிட்டதா? நிழல் மட்டும் குளம்படியில் விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? முடிக்காமல் ஓடிப்போனவன் நிழலை எதற்கு வரைய வேண்டும்? லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1997இல் அதை 11 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. அவர்களுக்கும் விஷயம் தெரியாது போல.

இப்போது வருவார்கள், எனக்குத் தெரியும்.

"பணக்காரர்களுக்குத்தானே வரைந்தார்?" ஆமாம். அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை வேறு யார் வீட்டில் நின்றது? உங்கள் அபிமான ஓவியர்கள் போப்புக்கும் ராஜாவுக்கும் வரைந்தபோது அது மகத்தான கலை, இவர் குதிரைச் சொந்தக்காரனுக்கு வரைந்தால் கைக்கூலியா? அவர் ஓவியங்களில் லாயக்காரன், சவாரிக்காரன், பயிற்சியாளன் எல்லாரும் எப்படி நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வேலையாள் என்று ஓரத்தில் ஒதுக்கவில்லை, கோமாளியாக்கவும் இல்லை. முகம் முகமாக வரைந்திருக்கிறார். குதிரையை எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் அவர்களையும் பார்த்தார். சைமன் காப் என்ற பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிகிறதே, அதுவே போதும்.

"குதிரைகளைக் கொன்றாரே?" கொன்றார். எனக்கும் அந்தப் பக்கங்களைப் படிக்க முடியாது. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

"அவர் வரைந்த ஓடும் குதிரைகள் தப்பு. முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு எந்தக் குதிரையும் பறக்காது." கரெக்ட். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்த பிறகுதான் அது உலகத்துக்கே உறைத்தது. அதுவரை எல்லா ஓவியரும் அப்படித்தான் போட்டார்கள். மனிதக் கண்ணால் பிடிக்க முடியாததை ஸ்டப்ஸ் பிடிக்கவில்லை என்று குற்றம் சொன்னால் நான் என்ன சொல்ல? நிற்கிற குதிரையை வரையச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். "கங்காருவை நேரில் பார்க்காமலே வரைந்தாரே" என்று ஒருவர் இன்பாக்ஸுக்கே வந்துவிட்டார். ஐயா, ஆஸ்திரேலியா வரை கப்பலில் போன கேப்டன் குக்கின் பயணத்திலிருந்து வந்த தோலை வைத்துக்கொண்டு 1772இல் வரைந்தார். உயிருள்ள கங்காரு அவருக்கு எங்கே கிடைக்கும்? அதில் உயிர் கொஞ்சம் குறைவுதான். குறைவாகத்தான் இருக்கும், பார்க்கவில்லையே! இது என் கட்சிக்குச் சாதகம்.

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று கேட்பீர்கள். நானும் மிருகங்களைத்தான் வரைகிறேன். மாடு, நாய், கழுதை, எப்போதாவது குதிரை. "மனுஷங்களை வரைய வராதா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. ஒரு கண்காட்சியில் (எது என்று கேட்காதீர்கள்) என் கழுதைகளைக் கொண்டுபோய்க் குழந்தைகள் பிரிவில் மாட்டினார்கள். "பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்ல மேடம்" என்றார் பொறுப்பாளர். பக்கத்துச் சுவரில் கிரையான் யானைகள். அந்த யானைகள் நன்றாகவே இருந்தன, அது வேறு விஷயம்.

ஒருமுறை கல்யாண ஊர்வலத்துக்காக நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் குதிரையை ஓரமாக நின்று வரைந்துகொண்டிருந்தேன். குதிரைக்காரர் வயசானவர். பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வலது முன்னங்கால் அதுக்கு நோவுதுன்னு ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை. அது அந்தக் காலை லேசாக முன்னால் தள்ளி, பாரம் போடாமல் வைத்திருந்தது. இருந்ததை இருந்தபடி வரைந்திருந்தேன். அவ்வளவுதான். "நேத்துலேருந்து அப்படித்தான். மொதலாளிகிட்ட சொன்னா ஊர்வலத்தை முடிச்சுட்டு வான்னுட்டான்" என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே உருப்படியானது அதுதான். கலை விமர்சகர்கள் யாரும் என் படத்தில் கால் நோவைப் பார்த்ததில்லை. "மரபு நவீனத்துக்குள் மிருகம் ஒரு குறியீடாக" என்றுதான் எழுதுவார்கள். அது குறியீடு இல்லை சார், கழுதை.

நம் ஊருக்கும் ஸ்டப்ஸுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதையாவது சொல்லியிருக்கலாம். மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், ஊர் திரும்பியபோது ஒரு சிவிங்கிப்புலியை அரசருக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள வந்த இந்தியர்கள் இரண்டு பேர். 1764இல் இங்கிலாந்தின் வின்ட்சர் பூங்காவில் ஓர் ஆண் மானை விட்டு வேட்டை காட்டச் சொன்னார்கள். மான் கொம்பால் முட்டித் தள்ளிவிட்டது, சிவிங்கிப்புலி அசிங்கப்பட்டுப் போனது. ஸ்டப்ஸ் அந்தக் கூத்தை வரையவில்லை. அதற்கு முந்தைய நொடியை வரைந்தார். ஒருவர் சிவிங்கிப்புலியின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு தலையிலிருக்கும் சிவப்பு முக்காட்டைத் தள்ளுகிறார், இன்னொருவர் மானைக் கைகாட்டுகிறார். மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு பேரின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியங்களில் கறுத்த தோல்காரன் என்றால் குடை பிடிப்பான், தட்டு ஏந்துவான். இவர்கள் இரண்டு பேரும் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். அந்த மிருகத்தின் சுபாவம் அந்தத் தோட்டத்திலேயே இவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அது முகத்தில் தெரிகிறது. இந்தியாவில் சிவிங்கிப்புலியே அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவித்தார்கள். பிகட்டையும் பின்னால் மதராஸில் அவருடைய சொந்த ஆட்சி சபைக்காரர்களே பிடித்து அடைத்தார்கள், காவலிலேயே செத்தார். எங்கோ போய்விட்டேன்.

"வெறும் குதிரைப் படக்காரர்" என்பது புது ஜோக்கும் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே சொன்னதுதான். அன்றைய கணக்கில் புராண, சரித்திரக் காட்சி வரைகிறவன் உச்சாணிக் கொம்பில், மிருகம் வரைகிறவன் ஏறக்குறைய அடியில். லண்டன் ஓவியர்களின் பெரிய சங்கமான ராயல் அகாடமி 1781இல் அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. உறுப்பினராக வேண்டுமென்றால் ஓர் ஓவியத்தை அகாடமிக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி. இவர் கொடுக்கவே இல்லை. கடைசிவரை முழு உறுப்பினராகவும் ஆகவில்லை. திமிரா, மனக்கசப்பா? எனக்குத் திமிர் என்று நம்பத்தான் ஆசை. சாகும் வயதில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மனிதன், புலி, கோழி மூன்றின் உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வரைந்துகொண்டிருந்தார். முடிக்காமலே 1806இல் போய்ச் சேர்ந்தார். மனிதனையும் கோழியையும் ஒரே வரிசையில் நிறுத்தினார் அந்த மனுஷன்! நம்மவருக்கு இன்னும் மேல் வரிசை, கீழ் வரிசை.

கடைசியாக, ஹாம்பிள்டோனியன் என்ற பந்தயக் குதிரை. 1799இல் நியூமார்க்கெட்டில் பெரிய பணயம் வைத்த பந்தயம். குதிரை ஜெயித்தது, மயிரிழையில். ஜெயிக்க வைக்கச் சாட்டையாலும் குதிமுள்ளாலும் கிழித்திருந்தார்கள். சொந்தக்காரர் ஹென்றி வேன்-டெம்பஸ்ட், வெற்றியைக் கொண்டாட ஓவியம் கேட்டார். எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸ் வரைந்து கொடுத்தது, பந்தயம் முடிந்து உடம்பைத் துடைத்துவிடும் நேரத்தை. வாய் திறந்து, காதை மடக்கி, நிற்கவே முடியாமல் நிற்கிற குதிரை. பக்கத்தில் இரண்டு வேலையாட்கள், நம்மை நேராகப் பார்க்கிறார்கள். எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு. பிரபு பணம் தர மாட்டேன் என்றார். ஸ்டப்ஸ் விட்டாரா? கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். பணக்காரர்களின் பாஸ்போர்ட் போட்டோக்காரர், எழுபத்தைந்து வயதுக்கு மேல், ஒரு பணக்காரன்மேல் கேஸ் போட்டு ஜெயித்தார்.

இதைப் படிக்கிறவர்களில் ஒருவர், தன் லாப்ரடாரை என்னிடம் வரையச் சொல்லிவிட்டு, "கண்ணு சோகமா இருக்கே, எங்க டாமி ரொம்ப ஹேப்பி டைப்" என்று மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். சார், நாய்க்கு வயதாகிவிட்டது. ஒரு தடவை உட்கார்ந்து அதைப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போகிற வசதி எனக்கு இல்லை. ஜிபே எண் பழையதுதான்.