ஆவுளியாவுக்கு மாடு சொந்தமில்லை, யானைதான் சொந்தம்

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கரையில் ஓர் ஆவுளியா, அதாவது கடல் பசு, செத்து ஒதுங்கியது. நாலைந்து நாள் கடலிலேயே கிடந்திருக்கும் போல. ஒரு பக்கத் துடுப்பில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. குனிந்து எண்ணினேன். ஐந்து விரல். கணுக்கணுவாக, நம் கை மாதிரியே. மீனின் துடுப்புக்குள் இப்படி விரல் கிடையாது.

பக்கத்தில் நின்ற மாமா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். "காட்டுல இருக்கிறதுக்கும் கடல்ல இருக்கிறதுக்கும் என்ன மாப்ள சொந்தம்? எல்லா உயிரும் ஒரே வழியில வந்துச்சுன்னா நம்புற மாதிரியா இருக்கு?" என்றார்.

எல்லா உயிரும் ஒரே வழியில் வந்தவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடல் பசு என்கிறோம், ஆனால் பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு நடுவில். ஆவுளியாவுக்குக் காம்பு துடுப்பின் அக்குளில். ராமேஸ்வரம் கோயில் யானையை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். ஆண் ஆவுளியாவுக்குச் சின்னத் தந்தமும் உண்டு. மரபணுவைப் படித்தவர்களும் யானையின் பக்கத்தில்தான் இதை வைக்கிறார்கள். அப்புறம் அந்த வால். மீன் வாலை இடவலமாக ஆட்டும். ஆவுளியாவும் ஓங்கிலும் (டால்பின்) மேலும் கீழுமாக அடிக்கும். தரையில் ஓடும் பாலூட்டியின் முதுகு அப்படித்தான் வளைந்து நிமிரும்.

படைத்தவன் ஒருவன் என்றால் ஒரே மாதிரிதானே படைப்பான் என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் பழுதும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது. அதற்கான மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் குரங்கிடமும் அதே மரபணு அதே மாதிரி உடைந்து கிடக்கிறது. இரண்டு பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரே தப்பு ஒரே வரியில் இருந்தால் வாத்தியார் என்ன முடிவுக்கு வருவார்?

சரி, விலங்குகளை விடுங்கள். எங்கள் அத்தை தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினைப் பாருங்கள். 1978-இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது வாசித்து, பிசகாமல் இன்சுலினைச் செய்தது. கண்ணுக்கே தெரியாத கிருமிக்கும் நமக்கும் எழுத்து ஒன்றாக இருந்தால்தானே அது நடக்கும்? 350 கோடி வருஷத்துக்கும் முன்னால் இருந்த ஏதோவொரு மூதாதையிடமிருந்து வந்த எழுத்து அது. முதல் உயிர் எப்படி உண்டானது என்பது வேறு கேள்வி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பரிணாமப் பாடத்துக்கு வௌவால் இறக்கைப் படத்தைக் காட்டுகிறோம். நம் கடலிலேயே இருக்கும் ஆவுளியாவைக் காட்டுவதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை. உங்கள் ஊர்க் கரையில் ஒன்று ஒதுங்கினால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எலும்பை எடுத்து வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம். துடுப்பு தெரிகிற மாதிரி ஒரு படம் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.