பின்னணியில் ஓடு என்றால் ஓட வேண்டாமா?

பில் போடுகிற டேட்டாபேஸ் நிரலிலிருந்து ஒரு பேக்கப்பை, அதாவது தரவை நகலெடுக்கும் வேலையை, நிரல் காத்து நிற்காதபடி பின்னணியில் ஓட விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு இரண்டு நாள் போய்விட்டது!

லினக்ஸில் கட்டளையின் கடைசியில் ஆம்பர்சாண்ட் (&) போட்டேன்; 'பின்னணியில் ஓடு' என்று அதற்கு அர்த்தம். அப்படியும் நிரல் காத்துக்கொண்டே நின்றது. வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் (/dev/null) திருப்பிய பிறகுதான் நகர்ந்தது. சரி என்று அதே வரியை விண்டோஸுக்குக் கொண்டுபோனால், அங்கே ஆம்பர்சாண்டுக்கு 'இது முடிந்ததும் அடுத்தது' என்று அர்த்தம். பேக்கப் முடியும்வரை திரை உறைந்து நிற்கிறது.

அப்புறம் விண்டோஸில் நிரலைத் தனியாக ஓட விடுகிற ஸ்டார்ட் (start) கட்டளை. மேற்கோள் குறிக்குள் நிரலின் பாதையைக் கொடுத்தால், அதையே தலைப்பாக வைத்து வெறும் கறுப்பு ஜன்னலைத் திறக்கிறது. முன்னால் வெற்று மேற்கோள் ஒன்று வைக்க வேண்டுமாம். அதற்குள் பில் போடுகிற பெண் எத்தனை பேரிடம் 'ஒரு நிமிஷம் சார்' என்று கெஞ்சியிருப்பார்? எனக்கு அதுதான் தாங்கவில்லை.