எங்கள் காசை எங்களைக் கேட்காமலா?

நேற்றிரவு அந்தச் சூம் கலந்துரையாடலில் நான் ஏன் பாதியில் எழும்பிப் போனேன் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். "சனத்துக்குக் காசு போய்ச் சேர்ந்தால் சரிதானே, அதுக்குப் பாராளுமன்றம் எதுக்கு?" என்று கேட்டவர் நான் மதிக்கிற அண்ணா. அதனால்தான் கூடுதலாக நொந்தது.

பாராளுமன்றம் இணங்காமல் அரசு ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. 2020 மார்ச் 2இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பாராளுமன்றத்தைக் கலைத்தார். முழு வரவுசெலவுத் திட்டம் வரும்வரை செலவழிக்கச் சபை முந்தைய ஆண்டு கொடுத்த அனுமதி, அதாவது இடைக்காலக் கணக்கறிக்கை, ஏப்ரல் 30உடன் முடிந்தது. புதிய சபை கூடியது ஆகஸ்ட் 20. இடையில் திறைசேரிக் காசு யாரைக் கேட்டுப் போனது?

"அரசியலமைப்பின் 150(3)ஆம் உறுப்புரை இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. சபை இல்லாத நேரத்தில் அவசியச் செலவுக்கு ஜனாதிபதி காசு விடலாம். ஆனால் கலைத்து மூன்று மாதத்துக்குள் புதிய சபை கூட வேண்டும் என்பதும் அதே அரசியலமைப்புத்தான். கொரோனாவால் தேர்தல் தள்ளிப்போனபோது, பழைய சபையைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கலைத்த சபையையும் அவசரநிலையில் ஜனாதிபதி கூட்டலாம் என்கிற 70(7)ஆம் உறுப்புரை அதற்கு இடம் கொடுத்தது. கோட்டாபய மறுத்துவிட்டார்.

"நோய்க் காலத்தில் சட்டம் பேசுகிறாயா?" அந்த மே மாதம் அரசு கொடுத்த 5000 ரூபாய் நிவாரணம் என் அம்மாவுக்கும் கிடைத்தது. அந்தக் காசு வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? சபையைக் கேட்டிருந்தால் 225 உறுப்பினர்களில் யார் எதிர்த்துக் கை உயர்த்தியிருப்பார்? கேட்கவே இல்லை, அதுதான் என் கோபம்.

என் அப்பா ஊர் வாசிகசாலையின் பொருளாளராக இருந்தவர். ஒரு மாரியில் கூரை ஓடு பறந்து, பத்திரிகை மேசை நனைந்தது. கூட்டம் கூடும்வரை பொறுக்காமல் ஓடு வாங்கிப் போட்டார். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, தீர்மானம் எங்கே?" என்றார். அப்பா களவெடுக்க மாட்டார் என்று ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் கேட்டார்கள். அடுத்த முறை அப்பா இரவோடிரவாகச் சைக்கிளில் போய்ச் செயற்குழு வீடுகளில் கையெழுத்து வாங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம் 2023. உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பாராளுமன்றம் 1000 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. திறைசேரி காசில்லை என்றது. ஒதுக்கிய நிதியைத் தடுக்கக் கூடாது என்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தேர்தல் நடந்ததோ 2025 மே மாதத்தில்தான். ஒதுக்காததை எடுத்தார்கள், ஒதுக்கியதைத் தர மறுத்தார்கள். இடைப்பட்ட இரண்டு வருடமும் எங்கள் ஒழுங்கையில் எரியாத மின்குமிழைப் பற்றிச் சொல்ல ஓர் உள்ளூராட்சி உறுப்பினர் இல்லை. அம்மா டோர்ச் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போய்வந்தார்.

அண்ணா, அம்மாவிடமும் வந்து சொல்லுங்கள், பாராளுமன்றம் எதுக்கு என்று.