துருப்பிடிக்காத தகடாம்!

அலுமினியத்துக்குத் துரு ஏறாது என்று இன்னொருவர் என்னிடம் சொன்னால், அவரை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து இன்ஜினுக்கு அடியில் மாட்டியிருக்கிற அலுமினியத் தகட்டின் பின்பக்க போல்ட்டைக் கழற்றச் சொல்லப் போகிறேன். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பொருமிக்கொண்டு நிற்கிறதே, அது என்ன, சுண்ணாம்பா?

வண்டியை ஆயில் மாற்றத்தான் விட்டிருந்தேன். ஆயில் மாற்ற அரை மணி நேரம் போதும். ஸ்கிட் பிளேட் என்கிற அந்தத் தகட்டைக் கழற்றத்தான் பகல் முழுக்கப் போனது. ஸ்பானர் வழுக்கி, போல்ட் தலை உருண்டு, கடைசியில் கிரைண்டரை வைத்துத் தலையை அறுத்து, மிச்சத்தை டிரில் போட்டு எடுத்தார்கள். எடுத்த பிறகு பார்த்தால் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கிற நட்டின் மரை போய்விட்டது. அதற்கு மறுபடி டேப் போட்டு மரை வெட்ட வேண்டும். ஆயிலுக்கு ஆன காசைவிட போல்ட்டுக்கு ஆனதுதான் அதிகம். இத்தனைக்கும் தகட்டில் ஆயில் இறக்க ஓர் ஓட்டை வெட்டியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அதைக்கூட யோசிக்காமல் அழகாக லேசரில் கம்பெனிப் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள்!

நான் இதை அழகுக்கு மாட்டவில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்றே வலை இழுத்து மீன் பிடிப்பது, நடக்கிற இடத்துக்கு ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற நாலு சக்கர இழுவை பிக்கப் இது. தார் ரோடு முடிந்ததும் மணல். மணலுக்குள் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாறை இருக்கும், பனைத்தூர் இருக்கும், எவரோ அரைகுறையாக வெட்டிவிட்டுப் போன சீமைக் கருவேலத்தூர் ஈட்டி மாதிரி நிற்கும். அது ஒரு குத்துக் குத்தினால் இன்ஜின் ஆயில் நிற்கிற சம்ப் கிழிந்து, மீன் கரையிலும் நான் நடுக்காட்டிலும் கிடக்க வேண்டியதுதான். அதனால் தகடு வேண்டும். மணலில் முன்பக்கம் கனத்தால் வண்டி புதையும், அதனால் அலுமினியம் வேண்டும். 6 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 16 கிலோ சொச்சம். அதில் பாதித் தடிமனே உள்ள 3 மி.மீ. இரும்புத் தகடே 23 கிலோவைத் தாண்டும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாட்டுகிற விதம்தான் அநியாயம்.

தகடு வாங்கியது மதுரையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். "ஏரோப்ளேன்ல போடுற அலுமினியம்ணே, கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார் அந்தத் தம்பி. விமானத்துக்குப் போடுகிற 2024 என்கிற ரகத்தில் 4 சதவீதம் அளவுக்குத் தாமிரம் கலந்திருக்கும். பலம் உண்டு, ஆனால் உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். அதனால்தான் விமானத் தகட்டின் மேலேயே சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் போர்த்தி விடுகிறார்கள். கடலுக்கு ஏற்றது மெக்னீசியம் கலந்த 5052, 5083 ரகங்கள். அலுமினியப் படகு கட்டுவது இவற்றில்தான். கடைசியில் எனக்குக் கொடுத்தது 5052தான் என்று பில்லில் இருந்தது. நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கெட்ட பொருளின் பெயரைச் சொல்லி விற்கிறார், அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் வந்தது எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். "துருவே பிடிக்காது" என்று அதற்குத் தனியாகக் காசு. போல்ட்டுக்குத் துரு பிடிக்காதுதான், சரி. ஆனால் அது பக்கத்தில் இருக்கிற அலுமினியத்தைச் சாப்பிட்டுவிடுமே! இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு பேட்டரி. எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் சேர்ந்தால் அதில் கரைகிறது அலுமினியம்தான். தகடு பெரிசு, போல்ட் சிறிசு என்பதால் தகடு முழுக்கக் கரைந்துவிடாது. போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் குழி விழும். அலுமினியம் அரித்து வருகிற அந்த வெள்ளைப் பொடி, அது உண்டான உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். கடல் காற்று இல்லாத கோயம்புத்தூரில் இதே தகடு, இதே போல்ட், பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருக்கும். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே விற்க வருகிறார்கள்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. போக வேண்டாம். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். போல்ட் உடம்புக்கு உறை மாதிரி ஒரு நைலான் புஷ், தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷர், அதற்கு மேல் அகலமான ஸ்டீல் வாஷர். தகடும் சேசிஸும் தொடுகிற இடத்தில் ஒரு ரப்பர் ஷீட் துண்டு. எஸ்.எஸ்.ஸுக்குப் பதிலாகத் துத்தநாகம் நன்றாகப் பூசிய போல்ட் போட்டால் இன்னும் நல்லது, கரைய வேண்டியது முதலில் துத்தநாகமாக இருக்கும். மரைக்குக் கிரீஸ். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள். உள்ளூரில் ஒருவர் அக்கறையாக, போல்ட் இறுகாமல் இருக்கட்டும் என்று தாமிரத்தூள் கலந்த கிரீஸை அள்ளிப் பூசியிருந்தார். அலுமினியத்துக்குத் தாமிரம் மகா மோசமான சகவாசம். படகுக்காரர்கள் பூசுகிற சாதாரண மெரைன் கிரீஸே போதுமே ஐயா!

பவுடர் கோட்டிங் கதை தனி. கறுப்பாகப் பளபளவென்று வரும். முதல் கல்லில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாக உப்பு உள்ளே போய், பூச்சுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போகும், மேலே ஒன்றும் தெரியாது. தகட்டுக்கு மட்டும் பூசிவிட்டுத் தொடுகிற இரும்பை வெறுமனே விடுவது இன்னும் கேடு. அரிப்பு முழுக்க அந்த ஒரு கீறலில் வந்து இறங்கும். பூசுவதென்றால் சேசிஸ் பக்கத்தையும் பூசு. இதைச் சொன்னால் "அது எங்க வேலை இல்லண்ணே".

"உப்புத் தண்ணியில போனா வண்டியைக் கழுவணும்ல?" என்பது எல்லோரும் தருகிற அறிவுரை. எந்தத் தண்ணீரில்? இங்கே வாட்டர் சர்வீஸ்காரர் போர்வெல்லில் வருவதும் உப்புத் தண்ணீர்தான். அதை பிரஷரில் அடித்து, இதுவரை நனையாத இடுக்கையும் நனைத்து அனுப்புகிறார். நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் குழாயில் வருகிறபோது பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். தெருவில் பெண்கள் காலிக் குடத்தோடு நிற்கும்போது நான் குடிதண்ணீரை வண்டிக்கு அடியில் பீய்ச்சினால் என்னையே கழுவி ஊற்றுவார்கள். அதனால் தகட்டைக் கழற்றி, மேலே சேர்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பதுதான் என் வழி. முக்கியமானது அந்த மணல்தான். தகட்டின் மேல்பக்கம் ஈர மணல் கெட்டியாக அப்பிக்கொண்டு நாள்கணக்கில் உப்பை ஊறவைக்கும். போதாக்குறைக்கு மீன் பெட்டியில் இருந்து சொட்டுகிற தண்ணீர் வேறு. வடிய நாலு நீள ஓட்டை இருந்தால் பாதிப் பிரச்சினை போகும். என் தகட்டில் நானே வெட்டச் சொன்னேன்.

இவ்வளவும் செய்து வைத்தால், அடுத்த சர்வீஸில் பட்டறைப் பையன் போல்ட் முடுக்குகிற இம்பேக்ட் கன்னை எடுத்து "டர்ர்ர்" என்று ஒரு அழுத்து. நைலான் வாஷர் நசுங்கி அப்பளம். நசுங்காதது தரையில் கிடக்கும், "இது எதுக்குண்ணே எக்ஸ்ட்ரா?" என்று ஓரமாகப் பெருக்கித் தள்ளியிருப்பான். தம்பி, அந்த எக்ஸ்ட்ராதான்டா இங்கே எல்லாமே!

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் என்கிற அரிப்புத் தடுப்புப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இந்தக் காற்று என்ன செய்யும் என்று ரயில்வேக்குத் தெரிகிறது. தகடு விற்கிற கடைக்குத் தெரியாதா?

போன் போட்டுக் கேட்டேன். நைலான் புஷ்ஷும் வாஷரும் மொத்தமாக வாங்கினால் ஒரு டீ, வடைக் காசுகூட ஆகாது, தகட்டோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று. "நீங்க கடற்கரை ஆளுங்கண்ணே, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை. மத்தவங்க யாரும் கேக்கிறதில்லை" என்கிறார். அவர் கடை விளம்பர வீடியோவைப் போய்ப் பாருங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம், முழங்கால் அளவு கடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது வண்டி.