வீலைக் கடைசியில் வாங்குங்கள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தம்பிமார் சிம் ரேசிங் லீக்கில், அதாவது கணினியில் ஓட்டுகிற கார் பந்தயத்தில், சேரும்போது கேட்கிற முதல் கேள்வி "அண்ணா, எந்த ஸ்டியரிங் வீல் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில்: முதலில் பேட்டரி, அடுத்தது நெட் கேபிள், அப்புறம் பிரேக் மிதி. வீல் கடைசியில். கிண்டல் இல்லை, கணக்கு இருக்கிறது.

எட்டுப் பந்தயம் உள்ள ஒரு சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வழக்கமான 25, 18, 15, 12, 10 வரிசை. மூன்று பந்தயத்தில் ஜெயித்து, ஐந்தில் பாதியில் நின்றவனுக்கு 75. எட்டிலும் சத்தமில்லாமல் ஐந்தாவதாக வந்தவனுக்கு 80. தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களை ரேஸ் நடுவில் இறக்கிவிடுவது பெரும்பாலும் எதிரி கார் இல்லை. கரண்ட்டும் இணைய லைனும்தான்.

கரண்ட்டிலிருந்து தொடங்குவோம். 2023 அளவுக்கு லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) இப்போது இல்லை என்று பலர் இன்வெர்ட்டரை மூலையில் தள்ளிவிட்டார்கள். ஆனால் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் எந்த அட்டவணையையும் பார்த்து வருவதில்லை. நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஓடும்போது சுமார் 300 வாட், திரைக்கு 35, சின்ன டைரக்ட் டிரைவ் (மோட்டாரோடு நேரடியாக இணைந்த) வீலுக்கு சராசரியாக 40, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20. மொத்தம் 400 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் (Ah) லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1200 வாட்-அவர் (Wh). அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆக 600. இன்வெர்ட்டர் தின்பது போக 500 சொச்சம். இவ்வளவு வேகமாக இழுத்தால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. பயிற்சி 10 நிமிடம், குவாலிஃபையிங் (தொடக்க வரிசையைத் தீர்மானிக்கிற ஓட்டம்) 15, ரேஸ் 60 என்று இருக்கிற ஒரு சாயங்காலத்துக்கு அது போதாது. எப்போது தீரும் தெரியுமா? ரேஸ் நடுவில். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1000 வாட்-அவர் நிம்மதியாக எடுக்கலாம். இன்வெர்ட்டர் தின்பது போக இரண்டு மணி நேரம் ஓடும். லித்தியத்துக்குக் கை எட்டாதவர்கள் ஃப்ரேம் வேகத்தை 60-க்குப் பூட்டுங்கள், கிராஃபிக்ஸ் கார்டு குடிக்கிற வாட் கண்ணெதிரே குறையும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இன்வெர்ட்டர் மெனுவில் ஏபிஎல் (சாதாரண வீட்டுச் சாதனங்களுக்கு), யூபிஎஸ் (கணினி போன்றவற்றுக்கு) என்று இரண்டு நிலை இருக்கும். ஏபிஎல்லில் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற 20 மில்லிநொடி ஆகும், யூபிஎஸ்ஸில் 10. கணினியின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது சுமார் 16 மில்லிநொடி. "இன்வெர்ட்டர் இருந்தும் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு செட்டிங்தான் காரணம். யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு, மெயினை நீங்களே அணைத்துப் பாருங்கள், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ரேஸ் நாளில் சோதிக்க வேண்டாம். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு குட்டி 12 வோல்ட் யூபிஎஸ் போட்டால் இன்னும் நல்லது. இரண்டுக்கும்தான்: ரூட்டர் உயிரோடு இருந்து ஃபைபர் பெட்டி அணைந்தால் வைஃபை கோடு நிறைய காட்டும், சர்வர் மட்டும் உங்களைத் தூக்கி எறிந்திருக்கும்.

இனி லைன். ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும்; 1000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிநொடி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலோரம் லண்டனுக்குப் போகிற வாக்ஸ் (WACS) கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். ஆக அந்தப் பாதையில் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வருகிற நேரம்) 145 மில்லிநொடிக்குக் கீழே இறங்காது. எந்த பேக்கேஜ் வாங்கினாலும் இறங்காது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. டர்பனிலிருந்து ஐரோப்பிய சர்வருக்கு 180 என்று வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் அந்த நேரத்தில் 10 மீட்டர் நகர்ந்துவிடும். இரண்டு ஜிடி3 ரேஸ் காரின் நீளம் அது. திரையில் பக்கத்துக் கார் நிற்கிற இடம் ஆட்டம் ஊகித்துப் போட்ட இடம்தான். ஐரோப்பிய சர்வரில் கதவோடு கதவு உரசி ஓட்டுகிறவன் தன்னை மட்டுமல்ல, எதிராளியையும் கெடுக்கிறான். அங்கே ஓட்டுவதானால் முதல் லேப்பில் (சுற்றில்) முன்கார் பின்னால் ஒன்றரைக் கார் இடைவெளி விடுங்கள், பிரேக்கை பத்து மீட்டர் முன்னாலேயே மிதியுங்கள்.

2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அருகே வாக்ஸ், சாட்-3 உட்பட நான்கு கடலடிக் கேபிள்கள் ஒரே நேரத்தில் அறுந்தது ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட வாரத்தில் வீட்டு லைனைத் திட்டிப் பயனில்லை. மற்ற வாரங்களில் திட்டலாம், ஆனால் அளந்துவிட்டுத் திட்டுங்கள். கமாண்ட் விண்டோவில் 200 தடவை பிங் அடித்து, சராசரியை விட்டுவிட்டு உச்ச எண்ணையும் வழியில் தொலைந்த பாக்கெட்டையும் (தகவல் துண்டுகளையும்) பாருங்கள். 40-இல் அசையாமல் நிற்கிற லைன், 15-க்கும் 120-க்கும் ஊஞ்சலாடுகிற லைனைவிட ஆயிரம் மடங்கு மேல். ஊஞ்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். அடுத்த அறையில் ஆயா சீரியல் ஓடவிட்டிருப்பது இன்னொன்று. கேட் 5இ நெட் கேபிளை ஜன்னல் ஓரமாக இழுத்தால் முதல் பிரச்சினை தீர்ந்தது. ஆயாவிடம் நான் பேச மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன்: நம்மவர்கள் நடத்துகிற லீக்குகள் சர்வரை ஜோஹன்னஸ்பர்க்கில் வையுங்கள். அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்கிற ரேஸ் ஆட்டத்துக்கு சர்வர் மென்பொருள் ஆட்டத்தோடு இலவசமாகவே வருகிறது, வாடகைக்கு ஒரு சின்ன விண்டோஸ் சர்வர் போதும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா எல்லோருக்கும் 20 மில்லிநொடிக்குள் வந்துவிடும். செட்டிங்ஸ் கோப்பில் இரண்டு வரியை மறக்காதீர்கள். ரேஸ் பூட்டை 0 ஆக்குங்கள், லைன் அறுந்தவன் நடுவில் திரும்ப உள்ளே வர முடியும். முடிவுகளைச் சேமிக்கிற வரியை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ரேஸ் முடிந்ததும் யார் எத்தனையாவது என்று ஸ்கிரீன்ஷாட் தேடி அலைய வேண்டும். எட்டில் மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடும் விதியையும் சேருங்கள். கரண்ட் போனது ஓட்டுநரின் குற்றமில்லையே.

ஐரோப்பிய லீக்கில்தான் ஓட்டுவேன் என்றால் கடிகாரத்தையும் கவனியுங்கள். நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறார்கள். ஜெர்மனியின் இரவு 8 மணி, அவர்களுடைய கோடையில் நமக்கும் 8, குளிரில் 9.

மிதிக்கு வருகிறேன். மலிவான செட்டில் பிரேக் மிதி எவ்வளவு தூரம் போனது என்பதை பொட்டென்ஷியோமீட்டர் அளக்கிறது. காலுக்கு ஞாபகம் இருப்பது தூரம் இல்லை, அழுத்தம். அழுத்தத்தை அளக்கிற லோட் செல் மிதிக்கு மாறினால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக் விழும். விலை கூடிய வீல் இதைத் தராது. பழைய மிதியே போதும் என்பவர்கள் ஒன்று பாருங்கள்: நம் கடற்கரைக் காற்றில் அந்தப் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கும் துருவும் ஏறும். காலை எடுத்த பிறகும் திரையில் பிரேக் கோடு 2, 3 சதவீதம் துடிக்கும். நேர்ச்சாலையில் பிரேக் சூடாகும், வேகம் காரணமில்லாமல் குறையும், நீங்கள் செட்டப்பைக் குறை சொல்வீர்கள். கான்டாக்ட் கிளீனர் இரண்டு அடி, மிதியை இருபது தடவை அமுக்கி விடுங்கள். அப்படியும் துடித்தால் 3 சதவீதம் டெட்ஸோன் வையுங்கள், அந்த அளவு வரை ஆட்டம் மிதியைக் கண்டுகொள்ளாது. லோட் செல் போட்டதும், அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடும். அதற்குப் பழைய ஷூக்களுக்குள் சக்கரங்களை இறக்கி வைப்பதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

பெட்ரோல் கணக்கு ஒன்றோடு நிறுத்துகிறேன். நம் ஊர் கியாலாமி டிராக், 4.522 கிலோமீட்டர், 60 நிமிட ரேஸ். முன்னால் ஓடுகிறவனின் லேப் சராசரி 1:43.0 என்றால் 35 லேப்பில் கொடி விழும். அவன் 1:42.8 ஓட்டினால் 35 லேப் 3598 நொடியில் முடிந்துவிடும், இன்னும் ஒரு லேப் ஓட வேண்டும். கவனியுங்கள், உங்கள் வேகம் இல்லை, முதலில் ஓடுகிறவனின் வேகம். லேப்புக்கு 2.9 லிட்டர் என்றால் 36 லேப்புக்கு 104.4, ஃபார்மேஷன் லேப்புக்கு (ரேஸ் தொடங்குமுன் வரிசையாக ஓடுகிற சுற்று) 2.9, கைக்காவலுக்கு ஒன்றரை. ஆக 109 லிட்டர். 35 என்று நம்பி 102 ஊற்றினவன் கடைசி லேப்பில் மைன்ஷாஃப்ட் இறக்கத்தைக்கூடப் பார்க்க மாட்டான். டயர் சூடானபின் காற்றழுத்தம் 26-க்கும் 27-க்கும் இடையே பிஎஸ்ஐ நிற்கட்டும். வெளியே குளிர்ந்தால் அது குறையும், மதியம் போட்ட செட்டப்பை இரவு ரேஸுக்கு அப்படியே ஏற்றாதீர்கள்.

வீல் எது வாங்கலாம் என்று இன்னும் கேட்பீர்கள். கையில் இருப்பதையே ஓட்டுங்கள், வீலின் விசையைத் திரையில் காட்டுகிற ஃபோர்ஸ் மீட்டர் சிவப்பில் போய் முட்டாத அளவுக்கு கெயினை (விசை அளவை) குறைத்துவிட்டு.