தயங்காமல் கேளுங்கள்

புற்றுநோய்க்கு இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். வேறு டாக்டரிடம் காட்டினால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அதில் வரும் மகள் தயங்குகிறார். தயங்க வேண்டாம் தங்கச்சி, டாக்டர்களுக்கு இது பழகிய விஷயம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றபோது வேறு டாக்டரிடமும் காட்டலாமா என்று நாங்களும் முதல் டாக்டரிடம் நேராகவே கேட்டோம்.

பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையின் நகல் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் உள்ள சிடி, திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது இடத்து நிபுணர் அந்த ஸ்லைடைத் தானே பார்த்துச் சொல்வதுதான் முக்கியம். அதில் சிகிச்சையே மாறுவதும் உண்டு.

சிங்கப்பூரில் தனியார் டாக்டரிடமிருந்து தேசியப் புற்றுநோய் நிலையத்துக்குப் போவதென்றால் முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நேரே போனால் மானியம் இருக்காது. அப்புறம், சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதை முதல் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.